பிழை பூச்சியம் என்று மென்பொருள் சொன்ன பிறகும்

போன மாதம் வெள்ளவத்தையில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு மாணவர் 10 மின்சுற்றுப் பலகைகளோடு வந்தார். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகக் கீகேட் என்ற பலகை வரையும் மென்பொருளில் தானே வரைந்து, சீனாவில் செய்து வரவழைத்தவை. மின் கொடுத்ததும், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் விரல் வைக்க முடியாதபடி சுட்டது. "அண்ணா, டிஆர்சி ஒரு பிழைகூடக் காட்டேல்லையே" என்றார். டிஆர்சி என்பது வரைந்தது விதிகளுக்குள் இருக்கிறதா என்று மென்பொருளே பார்க்கும் சோதனை. உண்மைதான், காட்டவில்லை.

சுற்றுப்படத்தில் அவர் முதலில் வைத்திருந்தது 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர். அதில் முதல் கால் உள்ளீடு, இரண்டாவது கிரவுண்ட், மூன்றாவது வெளியீடு. பிறகு 3.3 வோல்ட் தேவைப்பட்டதால் ஏஎம்எஸ் 1117க்கு மாறினார். பெயரையும் ஃபுட்பிரிண்டையும் (பலகையில் பொருள் உட்காரும் இடத்தின் வடிவம்) மாற்றினார், சுற்றுப்படக் குறியீட்டை அப்படியே விட்டுவிட்டார். 1117இல் முதல் கால்தான் கிரவுண்ட். இரண்டாவது காலும் அதோடு சேர்ந்த அகன்ற தகடும் வெளியீடு, மூன்றாவது உள்ளீடு. ஆக, வெளியீடு நேராகக் கிரவுண்டில் போய் உட்கார்ந்துவிட்டது. மென்பொருளுக்கு 1, 2, 3 என்ற எண்கள் பொருந்தினால் போதும். கையில் இருக்கும் பொருள் எது என்று அதற்குத் தெரியாது.

அதனால் என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது: முதலில் பொருளை வாங்குங்கள், அப்புறம் வரையுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இந்த வாரம் கிடைக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஆளி) அடுத்த வாரம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. வேறு தயாரிப்பு வந்தால் கால்களின் இடைவெளியும் மாறலாம். பிசி 547 டிரான்சிஸ்டருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உடல் கொண்ட 2222 கொடுப்பார்கள். வேலைக்கு ஆகும், ஆனால் கலெக்டர் காலும் எமிட்டர் காலும் இடம் மாறியிருக்கலாம்.

வரைந்து முடித்ததும் தாளில் அச்செடுங்கள். அளவு 100 சதவீதமாக இருக்க வேண்டும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நிறுத்திவிட்டு, அடிமட்டத்தால் பலகைப் படத்தின் ஓர் ஓரத்தை அளந்து பாருங்கள். தாளைத் தெர்மோகோல் துண்டின் மேல் வைத்து, துளைகளில் கால்களைக் குத்திப் பாருங்கள். 1என்5408 டயோட்டின் கால் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் தடிமன். 1 மில்லிமீட்டர் துளையில் அது இறங்காது. இந்த அரை மணி நேர வேலை எத்தனையோ பலகைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

மின் கொடுக்கும் தடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான செப்புப் படலத்தின் தடிமன் 35 மைக்ரோன்தான். வெளிப்பக்கத்தில் 0.3 மில்லிமீட்டர் அகலத் தடத்தில் 1 அம்பியர் ஓடினால் சுமார் 10 பாகை சூடேறும். நான் மின்வழங்கல் தடங்களை 1 மில்லிமீட்டருக்குக் குறைத்து வரைவதில்லை.

230 வோல்ட் வரும் பலகை என்றால் இன்னும் கவனம் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மென்பொருள் தானாக வைத்திருக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதை மாற்றாவிட்டால், வீட்டு மின்சாரத்தைக் கை தொடும் பக்கத்துக்கு அருகிலேயே கொண்டுபோனாலும் டிஆர்சி பேசாமல் இருக்கும். 230 வோல்ட் பகுதிக்கும் கை தொடும் பகுதிக்கும் நடுவே நான் குறைந்தது 6 மில்லிமீட்டர் விடுவேன், ரிலேயின் கீழ் பலகையில் ஒரு வெட்டும் போடுவேன். கொழும்பில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து பலகையில் படிந்தால், அதுவே மின் கசியும் பாதையாகிவிடும்.

100 நானோஃபராட் கெப்பாசிட்டரை ஐசியின் மின் காலுக்கு ஒட்டியே வையுங்கள். பலகையின் மறுமூலையில் வைத்தாலும் 'இணைந்திருக்கிறது' என்றுதான் மென்பொருள் சொல்லும், ஆனால் ஐசி அவ்வப்போது காரணமில்லாமல் ரீசெட் ஆகலாம்.

பலகை செய்பவருக்குக் கொடுக்கும் வரைபடக் கோப்புகளான கெர்பர் கோப்புகளை அனுப்பும் முன் தனியாகத் திறந்து பாருங்கள், துளைக் கோப்பும் சேர்ந்திருக்கிறதா என்று. அப்படியே பலகையின் ஓரத்தில் பதிப்பு எண்ணையும் திகதியையும் எழுதிவிடுங்கள். அந்தத் தம்பியின் இரண்டாவது 10 பலகைகள் வந்தபோது, பழையவையும் புதியவையும் மேசையில் கலந்துவிட்டன. ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்துத்தான் பிரித்தோம்.