அணுகியாகிவிட்டது, திறக்கத்தான் முடியவில்லை

"இந்த ஆவணத்தை அணுக உங்களுக்கு அணுகல் இல்லை. அணுகல் பெற நிர்வாகியை அணுகவும்."

ஒரு அறிவு மேலாண்மைத் தளத்தின் (நிறுவனத்தின் ஆவணங்களைச் சேர்த்து வைத்துத் தேட உதவும் மென்பொருள்) தமிழ் வடிவத்தைப் பிழை பார்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள். அதில் வந்த வரி இது. இரண்டு வாக்கியத்தில் நான்கு 'அணுகு'. கடைசியாக வரும் 'அணுகவும்' மட்டும்தான் நாம் பேசுகிற தமிழ். மற்ற மூன்றும் ஆங்கில 'ஆக்சஸ்' (access) வேடம் போட்டு நிற்பவை.

ஆக்சஸ் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். வேரின் பொருள் கிட்டப் போதல். அந்த அளவில் அணுகல் சரியே. ஆனால் ஆங்கிலத்திலேயே அது வேரை விட்டு நகர்ந்து, ஒன்றை எடுத்துப் பயன்படுத்தும் வாய்ப்பையும் உரிமையையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. நம்மவர்கள் சொல் இன்று செய்யும் வேலையை விட்டுவிட்டு அதன் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

தமிழில் அணுகுதல் தூரம் பற்றியது. 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்கிறது குறள் 691. குளிர் காய்கிறவர் நெருப்பை அணுக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரொம்ப அணுகினால் சுடும், அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக 'அணுக்கம்' என்று ஒன்றைச் சிலர் முன்வைக்கிறார்கள். பழைய சொல், கேட்க அழகு. அணுக்கத் தொண்டர் என்றால் கூடவே இருக்கும் தொண்டர். ஆக, அணுக்கம் என்றால் நெருக்கம். 'கணக்குக் குழுவுக்கு இந்த ஆவணத்தில் அணுக்கம் உண்டு' என்று எழுதிப் பாருங்கள், அந்தக் குழுவுக்கு ஆவணத்தின் மேல் தனிப் பாசம் என்றுதான் படும்.

உண்மையில் தளத்துக்குள் என்ன நடக்கிறது? தேடினால் ஆவணத்தின் தலைப்பு வருகிறது, சொடுக்கினால் பூட்டுப் படம். அணுகியாகிவிட்டது, திறக்கத்தான் முடியவில்லை. கவனமாகக் கட்டிய தளத்தில் உரிமை இல்லாதவருக்குத் தலைப்பே வராது. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் இந்த வேறுபாட்டை அப்போதே பார்த்திருக்கிறது. ஒரு கோப்புறையில் இருக்கும் பெயர்களைப் பட்டியலிட ஒரு உரிமை, அதற்குள் போய்க் கோப்பைத் தொட வேறொரு உரிமை. பார்ப்பது, படிப்பது, திருத்துவது, அழிப்பது, அடுத்தவருக்கு உரிமை கொடுப்பது எல்லாம் தனித்தனி. அத்தனையையும் 'அணுகல்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் நிர்வாகி எதைக் கொடுத்தோம் என்று தெரியாமலே கொடுப்பார்.

அப்படியானால் 'அனுமதி'? வடசொல் என்று அதைத் தள்ளி 'இசைவு' போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டிலும் ஒரே சிக்கல்தான். ஒருவர் கேட்க, இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்வதுதான் அனுமதி, இசைவும் அப்படியே. பயனர் குழுவில், அதாவது ஒரே உரிமைகளைச் சேர்த்துக் கொடுக்கப் பயனர்களை ஒன்றாக வைத்திருக்கும் தொகுப்பில், அது நடப்பதில்லை. குழுவில் சேர்ந்த அன்று படிக்கும் உரிமை தானாக வந்து சேர்கிறது, விலகிய அன்று போய்விடுகிறது. கோப்புறைக்குக் கொடுத்தது உள்ளே இருக்கும் ஆவணங்களுக்கும் இறங்குகிறது. (இதை 'மரபுவழி அனுமதி' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். ஏதோ பரம்பரை நோய் மாதிரி.)

என் ஓட்டு 'உரிமை'க்கு. அதுவும் வினையோடு சேர்த்து: படிக்கும் உரிமை, திருத்தும் உரிமை. உரிமையாளர் என்றால் சொந்தக்காரர் ஆயிற்றே, குழப்பாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சொந்தக்காரரை 'உடையவர்' என்று போட்டால் தீர்ந்தது.

பார்வையற்றவர்களும் ஒரு தளத்தைப் பயன்படுத்த முடிவதை 'அணுகல்தன்மை' என்கிறோமே, அங்கே இந்தச் சொல் பொருந்துகிறது. எட்டாமல் இருந்தது எட்டுகிறது. அங்கேயே இருக்கட்டும். அணுகலும் அணுகல்தன்மையும் ஒரே அமைப்புப் பக்கத்தில் அடுத்தடுத்து நின்றால் எது எதற்கு என்று யார் கண்டார்கள்?

அப்புறம், அதே கோப்பில் பயனர் குழு ஓரிடத்தில் 'பயனாளி குழு' ஆகியிருந்தது. பயனாளி என்றால் உதவித்தொகை வாங்குபவர், ஐயா. கடவுச்சொல் போட்டு உள்ளே வருபவர் பயனர்.

முதல் வரியை இப்படி மாற்றி அனுப்பினேன்: "இந்த ஆவணத்தைப் படிக்க உங்கள் குழுவுக்கு உரிமை இல்லை. தேவையென்றால் நிர்வாகியிடம் கேளுங்கள்." இரண்டு நாளில் பதில் வந்தது. படிக்க நன்றாக இருக்கிறதாம். ஆனால் மொழிபெயர்ப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லடைவில் ஆக்சஸுக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறதாம், அதில் ஏற்கெனவே 'அணுகல்' என்று நிரப்பியாயிற்றாம். அதை மாற்ற எனக்கு அணுகல் இல்லையாம்.