முகமூடிக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கண் தெரிகிறதா?

பள்ளி ஆண்டு விழாவுக்கும் மாறுவேடப் போட்டிக்கும் உடை தைப்பது என் தொழில். சீசன் வந்துவிட்டால் கடைக்கு வருபவர்கள் செல்போனை நீட்டி, "அச்சு அசல் இதே மாதிரி வேணும்ணே" என்பார்கள். பாதிப் படங்களில் இருப்பது பவர் ரேஞ்சர்தான், டிவி தொடரில் ஆளுக்கொரு நிற உடையும் ஹெல்மெட்டும் போட்டுச் சண்டை போடும் வீரர்கள்.

அந்த உடைகளின் பூர்வீகம் ஜப்பான். டோயெய் நிறுவனம் 1992-ல் எடுத்த 'ஜூரேஞ்சர்' தொடரின் சண்டைக் காட்சிகளை எடுத்து, அமெரிக்க நடிகர்களின் காட்சிகளோடு கோத்து 1993-ல் அமெரிக்காவில் 'பவர் ரேஞ்சர்ஸ்' என்று ஒளிபரப்பினார்கள். ஒட்டுப்போட்ட இடம் தையல்காரன் கண்ணில் உடனே படும். இளஞ்சிவப்புப் பெண்ணுக்குக் குட்டைப் பாவாடை உண்டு, மஞ்சள் பெண்ணுக்கு இல்லை. ஜப்பான் தொடரில் மஞ்சள் உடை போட்டவன் ஆண்!

இந்த வகைத் தொடர்களுக்கு ஜப்பானில் சூப்பர் சென்டாய் என்று பெயர். 1975 ஏப்ரலில் ஷோதாரோ இஷினோமோரி உருவாக்கிய 'கோரேஞ்சர்' முதல் தொடர். ஐந்து பேர், ஐந்து நிறம், ஐந்து ஹெல்மெட், தோளில் பறக்கும் துணி. 1979-ல் வந்த 'பேட்டில் ஃபீவர் ஜே' ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு நடனம் என்று போனது. அதில் மிஸ் அமெரிக்கா என்ற வீராங்கனையின் முகமூடியில் பொன்னிற முடியே தொங்கும். சண்டை போடும் உடையில் சவுரி வைத்தவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும், நான் வைக்க மாட்டேன்.

எனக்குப் பிடித்தது 2009-ன் 'ஷின்கெஞ்சர்'. சாமுராய் கதை. ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியையே, ஒரே எழுத்தில் ஒரு பொருள் சொல்லும் ஜப்பானிய எழுத்தாக வெட்டியிருப்பார்கள். சிவப்பு வீரன் முகத்தில் 'நெருப்பு', நீலத்தில் 'நீர்', இளஞ்சிவப்பில் 'வானம்', பச்சையில் 'மரம்', மஞ்சளில் 'மண்'. எழுத்தே முகம். இதற்கு முன்பே, 1995-ன் 'ஓரேஞ்சரில்' நட்சத்திரம், முக்கோணம், வட்டம் என்று கண்ணாடிக்கு வடிவம் கொடுத்திருந்தார்கள். காரணம் எளிது. புழுதியும் வெடிப்புகையும் கிளம்பும் சண்டையில் நடிகர் முகம் தெரியாது. யார் அடிக்கிறார், யார் விழுகிறார் என்பதை வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை நிறத்தையும் அந்த வடிவத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, அந்தக் கண் பார்ப்பவருக்காக வைத்த கண். போட்டிருப்பவருக்கு அதன் வழியே தெரிவது கொஞ்சம்தான். ஜப்பானில் இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். முகமூடிக்குள் நடிப்பதற்கென்றே சூட் ஆக்டர் எனப்படும் தேர்ந்த சண்டைக் கலைஞர்கள் உண்டு. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு வகை ஹெல்மெட்டும் செய்வார்கள். ஒன்று கிட்டத்தில் படம் பிடிப்பதற்கு, கண்ணாடி முழுதாகப் பளபளக்கும். இன்னொன்று சண்டைக்கு, பார்வைக்காக அதில் திறப்பு விட்டிருக்கும். உங்கள் செல்போன் படத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை.

இது தெரியாமல் நானும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஆறு வயதுப் பையனுக்கு ஃபோம் ஷீட்டில் ஹெல்மெட் செய்து, முன்னால் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். கடையில் போட்டுப் பார்த்தபோது பிரமாதம். மேடையில் ஏறிய இரண்டாம் நிமிடம் மூச்சுக்காற்றில் உள்ளே ஆவி படிந்துவிட்டது. பையன் கையைத் துழாவிக்கொண்டே விளிம்பு வரை போய்விட்டான். ஓர் ஆசிரியை ஓடிவந்து பிடித்தார். தப்பு முழுக்க என்னுடையது.

அதிலிருந்து பிளாஸ்டிக் தாளைத் தொடுவதில்லை. கண் பகுதியில் கறுப்பு வலைத்துணி வைக்கிறேன். தள்ளி நின்றால் கறுப்புக் கண்ணாடி போலவே இருக்கும், உள்ளிருந்து பார்த்தால் மங்கலாகவாவது வழி தெரியும். மூக்குக்கும் வாய்க்கும் நேரே துளைகள் கட்டாயம். முடிந்தால் முகமூடியே வேண்டாம், நெற்றிக்கு மேல் நிற்கும் அரை ஹெல்மெட் போதும் என்பேன். தோள்துணியைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். தோளில் வெல்க்ரோ வைத்தால், எங்காவது மாட்டி இழுத்தாலும் கழன்றுவிடும். லைக்ரா சூட்டை ஒரே துண்டாக, முதுகில் ஜிப் வைத்துத் தைக்கச் சொல்வார்கள். அவசரத்துக்குப் பிள்ளை பாத்ரூம் போவது எப்படி? மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் அகலமான பெல்ட். இணைப்பு வெளியே தெரியவே தெரியாது.

போன மாதம் ஓர் அம்மா வலைத்துணியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "படத்துல பளபளன்னு இருக்கே, இது கொசுவலை மாதிரி இருக்கேண்ணே." நான் வாதாடவில்லை. பரணிலிருந்த அந்தப் பழைய பிளாஸ்டிக் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்து, "முகத்துல வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடங்கம்மா" என்றேன். நாலாவது அடியில் தையல் மிஷினில் இடித்துக்கொண்டார். வலையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.