எம்ட்டியாகத் திரும்பினால் என்ன குறைந்துவிடும்?

போன வாரம் ஒரு வண்டிக்காரர் வந்தார். பத்துச் சக்கர லாரி, சொந்த வண்டி, அவரே டிரைவர். மூன்று தவணை பாக்கி, பைனான்ஸ் நோட்டீஸ் கையில். ஆனால் முதலில் நீட்டியது ஒரு நோட்டை. "பாருங்க சார், ஆறு மாசமா கேரளாவுல இருந்து ஒரு தடவைகூட எம்ட்டியா, லோடு இல்லாம, வந்ததில்ல." பொள்ளாச்சியில் லாரிக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். இந்த வருடம் இதே பெருமையோடு வந்து உட்கார்ந்த நாலாவது ஆள் இவர்.

"போற வாடகையில செலவு போயிடும், வர்ற வாடகை முழுசும் லாபம்" என்று யார் சொல்லி வைத்தார்களோ! அவர் நோட்டிலிருந்தே ஒரு நடையைப் பிரித்துப் பார்த்தோம். கொச்சியில் சரக்கை இறக்கிவிட்டு, பெரும்பாவூரில் பிளைவுட்டுக்காக மூன்று நாள் நின்றிருக்கிறார். கோவை வரை வாடகை 11,000. புரோக்கர் கமிஷனும் ஏற்றுக்கூலியும் 1,500. மூன்று நாள் சாப்பாடும் கிளீனர் படியும் 2,700. பாரத்தோடு வந்ததால் கூடுதல் டீசல் 1,000. கையில் நின்றது 5,800.

"அதுவும் லாபம்தானே?" என்றார்.

இல்லை ஐயா. அன்று ராத்திரியே வெறும் வண்டியாகக் கிளம்பியிருந்தால், அந்த மூன்று நாளில் இங்கிருந்து இன்னும் இரண்டு நடை அடித்திருக்கலாம். எம்ட்டியாகத் திரும்பும் டீசலையும் சேர்த்து எல்லாச் செலவும் போக, ஒரு நடைக்கு 4,500 நிற்பதாக அவரே சொன்னார். இரண்டுக்கு 9,000. அந்த ரிட்டன் லோடு அவருக்கு 3,200 ரூபாயைத் தின்றிருக்கிறது. பொள்ளாச்சியில் லோடே இல்லாத வாரம் என்றால் கதை வேறு, அப்போது தாராளமாக நில்லுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் வரிசையில் கிடந்த காலத்தில் கொச்சி போய்வரவே நாள்கணக்கில் ஆகும். அதில் இன்னும் ஒரு நாள் பெரிதாகத் தெரியாது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து அந்த வரிச் சோதனை போய்விட்டது. வண்டி ஓடும் வேகம் மாறிவிட்டது, நம் கணக்கு மட்டும் அங்கேயே நிற்கிறது. அரிசி, காய்கறி, முட்டை, சிமெண்ட் என்று கேரளாவுக்குள்ளே போகும் வண்டிகள் ஏராளம். வெளியே வரும் சரக்கு கொஞ்சம். திரும்பும் வாடகை ஏன் ஏறப்போகிறது?

இன்னொன்று. 10 வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கு வருமான வரியில் ஒரு உத்தேசக் கணக்கு உண்டு: கனரக வண்டி என்றால், வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வார்கள். எத்தனை லோடு அடித்தீர்கள் என்று கேட்பதே இல்லை. வரிக்காரர்களே மாதத்தைத்தான் எண்ணுகிறார்கள்.

கிளம்பும் முன்பே அங்கே இரண்டு புக்கிங் ஆபீஸுக்குப் போன் போடுங்கள். இறக்கிய பின் எத்தனை மணி நேரம் நிற்பது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். டீக்கடையில் முடிவு செய்யாதீர்கள். வாடகை குறைவு என்று இரண்டு டன் கூட ஏற்றாதீர்கள். பத்துச் சக்கரம் கொண்ட மூன்று ஆக்சில் வண்டிக்குச் சரக்கோடு சேர்த்து 28.5 டன்தான். மீறினால் 20,000 அபராதம், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றிய பின் ஊர் சுற்றவும் வேண்டாம். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான ஈவே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். பாக்கி வாடகையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். "தெரிஞ்ச புரோக்கர் சார்" என்று என்னிடம் வந்து அழுதால் நான் என்ன செய்வேன்?

மூன்று நாள் கேபினில் படுத்துவிட்டு, பிடித்த நஷ்டத்தை ஈடுகட்ட ராத்திரி முழுக்க ஓட்டாதீர்கள். இது கணக்குக்காகச் சொல்லவில்லை, தயவுசெய்து.

அந்த நோட்டில் வாடகை, டீசல், டோல் எல்லாம் ஒழுங்காக இருந்தன, தேதி மட்டும் இல்லை. புறப்பட்ட நாள், திரும்பிய நாள் என்று இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.