முற்றத்துக்கு ஏன் கண்ணாடி மூடி வேண்டாம்?

காரைக்குடிப் பக்கம் புதுவீடு கட்டப்போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அப்பத்தா வீடு மாதிரி நடுவில் முற்றம் வைக்க ஆசை. மழை, கொசு, குரங்கு எல்லாம் வரும், மேலே கண்ணாடி போட்டுவிடலாம் என்கிறார் இன்ஜினியர். வெளிச்சம்தான் வந்துவிடுமே?”

வெளிச்சம் வரும். வெப்பம் போகாது.

பகல் கதை எளிது. காரைக்குடி வட அட்சரேகை 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல். முற்றத்தின் அகலமும் தாழ்வாரத்தின் உயரமும் சமம் என்றால், அந்த நாட்களில் சுமார் 9 மணியிலிருந்து 3 மணி வரைதான் தரையில் நேர்வெயில் விழும். மற்ற நேரத்தில் வானத்தின் சிதறிய ஒளியும் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியுமே. தாழ்வாரத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க அது தாராளம்.

எனக்குப் பிடித்தது இரவில் நடப்பது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஓடு, சதுர மீட்டருக்கு சுமார் 430 வாட் உமிழ்கிறது. அந்தக் கதிர்கள் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் தொடுகின்றன. நம் வளிமண்டலமோ 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை ஏறக்குறைய ஒளிபுகும் சன்னல். காற்றைச் சூடாக்காமலே வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது! வானம் ஓரளவு திருப்பி அனுப்பினாலும், மேகமில்லாத இரவில் சதுர மீட்டருக்குச் சில பத்து வாட் நிகர நஷ்டம். 100 சதுர மீட்டர் கூரைக்கு அது சில கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் 3.5 கிலோவாட். அத்தனை குளிர்ச்சியும் வீட்டுக்குள் வந்துவிடாது, ஆனால் மின்கட்டணமும் வராது. ஐப்பசி மூட்டத்தில் இது மந்தம். மாசி, பங்குனியின் தெளிந்த இரவில் ஜோர்.

குளிர்ந்த ஓடு தன்னைத் தொடும் காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனம். முற்றத்தை நோக்கிச் சரியும் கூரை வழியே அது மழைத்தண்ணீர் போல வழிந்து முற்றத்தில் இறங்கித் தேங்குகிறது. தரையும் சுவரும் விடியும்வரை அதை வாங்கி வைத்துக்கொள்கின்றன.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். வெயிலை உள்ளே விடும் அதே கண்ணாடி, 10 மைக்ரோமீட்டர் கதிருக்குச் சுவர்தான். வெப்பக் கேமரா முன் கண்ணாடியைப் பிடித்தால் பின்னால் இருக்கும் முகம் காணாமல் போய்விடும். மெல்லிய பாலித்தீன் பையைப் பிடித்தால் முகம் தெரியும். பாலிகார்பனேட் தகடும் கண்ணாடிக் கட்சிதான். அதோடு, மூடிவிட்டால் மேலேறும் சூடான காற்றுக்கும் வழியில்லை, இறங்கும் குளிர்காற்றுக்கும் வழியில்லை.

புதுவீட்டில் இன்னொரு சிக்கல், மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர். குளிர்காற்றை அது அணை கட்டி மாடியிலேயே நிறுத்திவிடும். முற்றத்துப் பக்கம் மட்டும் சுவருக்குப் பதில் கம்பிக் கைப்பிடி வையுங்கள். தளத்தின் வாட்டத்தையும் முற்றத்தை நோக்கிக் கொடுங்கள். வெளிப்பக்கச் சுவர் அப்படியே இருக்கட்டும்.

வாஸ்துக்காரர் நடு இடத்தைப் பிரம்மஸ்தானம் என்று திறந்துவைக்கச் சொன்னால் சண்டை போடாதீர்கள். முடிவு சரி, காரணம்தான் கதை. அதே வாஸ்துவுக்காகக் காற்று வரும் சன்னலை அடைக்கச் சொன்னால் மட்டும் சண்டை போடுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பெருமையை மேடையில் பேசுவதை விட, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பத்து வீடுகளில் வெப்பமானி மாட்டி ஓராண்டு பதிவு செய்ய ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் நிதி ஒதுக்கலாம். ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது என்பது என் கணிப்பு.

குரங்குக்கு இரும்புக் கம்பிக் கிராதி போதும், கொசுவுக்கு அதன்மேல் வலை. வலை கொஞ்சம் கதிரையும் காற்றையும் மறிக்கும், பரவாயில்லை. மழைக்கு முற்றத்தை அரையடி பள்ளமாக்கி, வடிகுழாயைத் தொட்டிக்கு இழுங்கள். ஆத்தங்குடிக் கல்லைத் தாழ்வாரத்தோடு நிறுத்துங்கள், ஈரத்தில் வழுக்கும். முற்றத்துக்குள் சொரசொரப்பான கருங்கல்லே சரி.