ஓடை மீனுக்கு உரிமை உண்டு, கண்ணி வைக்க இல்லை

காட்டு ஓடையில் வலையோடு பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டுப் பேசாமல் வீடு திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(டி) பிரிவு, நீர்நிலைகளின் மீனைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. ஆனால் கேட்டுப் பதிவு செய்தால்தான் கைக்கு வரும்.

தனிநபர் நிலத்துக்கு ஏ படிவம், மீனுக்கு பி படிவம். பலர் பட்டாவுக்கான ஏ படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். பி படிவத்தில் "மீன் பிடிக்கிறோம்" என்று ஒரு வரி எழுதினால் மனு நிற்காது. மடுவுக்கு ஊரார் சொல்லும் பெயர், எந்தப் பாறையிலிருந்து எந்த வளைவு வரை, எந்த மாதங்களில், தூண்டிலா வீச்சு வலையா, பக்கத்து ஊருக்கும் பங்குண்டா என எல்லாம் வேண்டும். குறைந்தது 2 சான்றுகள் இணையுங்கள். மனு போடாத ஒரு பெரியவரின் எழுத்து வாக்குமூலமும் சான்றுதான். இதை வாங்கத் தவறாதீர்கள்.

பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் அதற்கு முன் 3 தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனு மீது தீர்மானம் போடும் கிராம சபையில் உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் இருக்க வேண்டும். வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்த எண்ணிக்கை தீர்மான ஏட்டில் இல்லையென்றால் நல்ல மனுவும் அடிபடும்.

மனுவில் வேட்டையைச் சேர்க்கவே வேண்டாம். 3(1)(எல்) மற்ற மரபுரிமைகளுக்கு இடம் கொடுத்துவிட்டு வேட்டையை வெளிப்படையாக விலக்குகிறது. 1972 வன உயிரினச் சட்டத்தில் கண்ணி வைப்பதும், விலங்கைக் கலைத்து ஓட்டுவதும், பறவை முட்டை எடுப்பதும்கூட வேட்டைதான். எதுவும் சிக்காவிட்டாலும் முயற்சியே குற்றம். உடும்பு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பயிரைத் தின்னும் பன்றிக்கு அவுட்டுக்காய் (இரையில் மறைத்த நாட்டு வெடி) வைத்தாலும் வழக்குதான். நிக்கோபார் பழங்குடியினரின் வேட்டை உரிமையை மட்டும் 65-வது பிரிவு காக்கிறது.

மீனிலும் வெடித் தோட்டா, விஷம், சுண்ணாம்பு கூடாது. 1897 மீன்வளச் சட்டத்திலேயே அவை குற்றம்.

மனு கொடுத்ததும் ஒப்புகை வாங்குங்கள். தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிராம சபை முடிவுக்கு எதிராக உட்கோட்டக் குழுவிடமும், அதன் முடிவுக்கு எதிராக மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் முறையிடலாம். சட்டம் இதை முடிவெடுத்த நாளிலிருந்து கணக்கிடுகிறது. குழு விரும்பினால் இன்னும் 30 நாள் தரலாம். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.