சூடேறினால் தானே அடங்கும் டிரான்சிஸ்டர்

மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் ரேடியோ செட்டுக்கு ஓய்வே கிடையாது. மதிய வெயிலில், தகரக் கொட்டகைக்குள், ஆம்ப்ளிபையரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பெரும்பாலும் முதலில் போவது ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்தான்.

சாதாரண பைபோலார் டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாக அதிக மின்னோட்டத்தை விடும். அதைத் திறக்கத் தேவையான மின்னழுத்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மறுபடி மின்னோட்டம் கூடும். சில்லுக்குள் ஓரிடம் மட்டும் கொஞ்சம் அதிகம் சூடானால் போதும், கூட்டம் இருக்கிற கடைக்கே கூட்டம் சேருவதுபோல மின்னோட்டமெல்லாம் அங்கேயே குவிந்து கண நேரத்தில் எரித்துவிடும். அது ஷார்ட் ஆனால் ஸ்பீக்கர் காயிலும் சேர்ந்து போகும்.

1970களில் ஹிட்டாச்சி கொண்டுவந்த 2எஸ்கே134, 2எஸ்ஜே49 டிரான்சிஸ்டர் ஜோடி வேறு மாதிரி, லேட்டரல் மாஸ்ஃபெட் என்ற வகை. இதற்குள் இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன. சூடேறினால் திறக்கும் மின்னழுத்தம் குறையும். அதனால் மின்னோட்டம் கூடப் பார்க்கும். அதே சூட்டில் சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது சிரமமாகும். அதனால் மின்னோட்டம் குறையப் பார்க்கும். சுமார் 100 மில்லிஆம்பியரில் இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேலே போனால் குறைப்பதுதான் ஜெயிக்கும். சூடான இடம் தானாகவே சுமையை இறக்கிவிடுகிறது! எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். பாட்டு இல்லாத நேரத்து மின்னோட்டத்தை அந்த 100 மில்லிஆம்பியரை ஒட்டி வைத்தால், ஹீட்சிங்கின் சூட்டைக் கவனித்துச் சரிசெய்யும் தனி டிரான்சிஸ்டர்கூடத் தேவையில்லை.

லேட்டரல் கிடைக்கவில்லை என்று ஐஆர்எஃப்பி240 போன்ற ஸ்விட்சிங் மாஸ்ஃபெட்டை மாற்றிப் போடக்கூடாது. அதில் இந்தச் சமநிலை பல ஆம்பியருக்கு மேல்தான் வரும். அதுவரை பைபோலார் மாதிரியே ஓடும்.

லேட்டரலுக்கும் பலவீனம் உண்டு. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் காலான கேட்டில் உள்ள ஆக்சைடு படலம் மெல்லியது. கேட்டுக்கும் சோர்ஸ் என்ற இன்னொரு காலுக்கும் இடையே சுமார் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கிழிந்துவிடலாம். அதனால்தான் மின்னழுத்தம் அவ்வளவு ஏறாமல் பிடித்துக்கொள்ளும் 12 வோல்ட் ஜீனர் டயோடு போடுகிறார்கள். அப்புறம், இது வேகமானது, நம் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானே அதிர ஆரம்பிக்கும். அதைத் தடுக்க 220 ஓம் போல ஒரு ரெசிஸ்டரைக் கேட்டின் காலுக்கு ஒட்டியே வைக்க வேண்டும். பாட்டே போடாமல் ஹீட்சிங்க் கொதித்தால் இந்த அதிர்வு காரணமாக இருக்கலாம்; டிரான்சிஸ்டரைக் கழற்றுவதற்கு முன், மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள்.