டம்ளர் நிழலுக்குள்ள எப்படி வெளிச்சம் வந்துச்சு?

முத்தியால்பேட்டையில அக்கா வீடு கிழக்கு பார்த்த வீடு, காலையில ஏழரைக்கெல்லாம் திண்ணை முழுக்க வெயில். அங்க உக்காந்து போஸ்ட்கார்டு சைஸ் பேப்பர்ல ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணிய வாட்டர்கலர்ல போட்டுட்டு இருந்தேன், அக்கா பொண்ணு வந்து எட்டிப் பார்த்துட்டு "மாமா, நிழல்னா இருட்டா தானே இருக்கணும், இது நடுவுல தரையை விட பளிச்சுன்னு இருக்கே"ன்னு கேட்டா. கண்ணாடி வரையுறவங்களுக்கு இதவிட முக்கியமான கேள்வி கிடையாதுன்னு நான் நினைக்கிறேன்.

தண்ணி ஊத்தின டம்ளர் ஒரு லென்ஸ். அதோட அகலம் முழுக்க விழுற வெயில் உள்ள நுழையும்போது ஒரு தடவை, வெளிய வரும்போது ஒரு தடவை வளைஞ்சு, பின்னாடி ஒரு ஒல்லியான கோட்டுல போய் நெருங்கிடுது, அதனாலதான் அந்தக் கோடு நேரடி வெயில் படுற தரையையே மிஞ்சுது. அப்போ ரெண்டு பக்கமும் இருக்குற இருட்டு? அங்க விழ வேண்டிய வெளிச்சம்தான் நடுவுக்குப் போயிடுச்சு. கண்ணாடி வெளிச்சத்த கொஞ்சம்தான் பிடுங்குது, மத்தத எல்லாம் இடம் மாத்துது, அவ்ளோதான்.

தண்ணியோட ஒளிவிலகல் எண், அதாவது வெளிச்சத்த எவ்ளோ வளைக்கும்னு சொல்ற எண், 1.33. கணக்கு போட்டா கதிர் குவியுற இடம் டம்ளரோட பின்பக்கத்துல இருந்து அதோட விட்டத்துல கிட்டத்தட்ட பாதி தூரத்துல வரும். ஓரமா நுழையுற கதிர் அதுக்கும் முன்னாடியே குவிஞ்சிடும், அதனால ஒரே புள்ளியா சேராம வேல் முனை மாதிரி ரெண்டு வளைஞ்ச கோடு கூரா போய் முடியுது. இதுக்குப் பேரு காஸ்டிக். அவகிட்ட பேப்பர்ல ஒரு அம்புக்குறி போட்டு டம்ளருக்குப் பின்னாடி புடிக்கச் சொன்னேன், ஒட்டி வச்சா பெருசா தெரிஞ்சுது, மெதுவா பின்னாடி இழுத்தா டக்குனு இடம் வலமா திரும்பிக்கிச்சு. குவியுற இடத்தத் தாண்டினதும் இப்படித்தான் ஆகும்.

இப்போ அந்த சின்ன வெள்ளைப் புள்ளி, டம்ளர் விளிம்புல மின்னுமே அது. கண்ணாடி நேரா விழுற வெளிச்சத்துல ஒரு பரப்புக்கு 4 சதவீதம்தான் திருப்பி அனுப்பும், ஆனா அது சூரியனோட 4 சதவீதம், பக்கத்துல வெயில்ல கிடக்குற வெள்ளைப் பேப்பர விட ஆயிரம் மடங்குக்கு மேல பிரகாசம். நம்ம கையில இருக்குறது என்ன? பேப்பரோட வெள்ளைக்கும் டியூப்ல இருக்குற கருப்புக்கும் நடுவுல சுமார் 20 மடங்கு வித்தியாசம். எவ்ளோ நல்ல வெள்ளை வாங்கினாலும் அந்த மின்னல் வராது, அதனால பேப்பர அப்படியே விட்டுட்டு சுத்தி இருக்குறத ஒரு படி இருட்டாக்கணும், கண்ணு பக்கத்துல இருக்குறதோட ஒப்பிட்டுத்தான் பிரகாசத்த எடை போடும். நான் ரொம்ப நாள் இது புரியாம வெள்ளை மேல வெள்ளையா அப்பிட்டு இருந்தேன்.

நிழல் கலரும் கருப்பு இல்ல. வெயில் மறைஞ்ச இடத்துக்கு வானத்தோட நீல வெளிச்சம் இன்னும் வந்துட்டுதான் இருக்கு, அதனால வெள்ளைத் துணி மேல நிழல் லேசா நீலம் அடிக்கும். அதே துணிய புதுச்சேரி டூமாஸ் வீதியில ஒரு மஞ்சள் சுவருக்கு எதிர்ல நிழல்ல போட்டுப் பாருங்க, வெயில் பட்ட அந்தச் சுவர்ல இருந்து வெளிச்சம் தெறிச்சு நிழல் வெதுவெதுப்பா மாறிடும். ஓரமும் ஒரே மாதிரி இருக்காது. சூரியன் நமக்கு அரை டிகிரி அகலமா தெரியுறதால, ஒரு மீட்டர் தள்ளி விழுற நிழல் ஓரம் 9 மில்லிமீட்டர் அளவுக்கு கலங்கும், டம்ளர் அடியில மட்டும் கத்தி மாதிரி இருக்கும்.

சின்ன பேப்பர் ஏன்னா, சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, இருபது நிமிஷத்துல 5 டிகிரி. அதுக்குள்ள முடிக்கணும். அவ கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள அந்த வேல் முனை நான் போட்ட பென்சில் கோட்ட விட்டு ஒரு விரல் தள்ளிப் போயிருந்துச்சு, இன்னொரு கார்டு எடுத்தேன், அவளுக்கும் ஒண்ணு குடுத்தேன்.